கை வைக்காமல் கால் வைக்கும் தொட்டி

வெர்லீன் ஹாஸ்கட் அம்மையாரைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். பெரு நாட்டு மலையிலிருந்து வந்து இந்த நெவாடா பாலைவனத்தில் இருபத்திரண்டு குளிர்காலமாக ஆடு மேய்க்கிறேன். ஆனால் அவளை அவள் மகளைவிட அதிக நாள் தூரத்திலிருந்து பார்த்தவன் நான்தான். தூரத்திலிருந்து என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழப்பமெல்லாம் அந்தத் தூரத்திலிருந்து வந்ததுதான்.

வெர்லீன் ஒரு சுரங்க ஊரில் முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். புருஷன் இறந்து, வேலையும் முடிந்த பிறகு, ஒரு டிசம்பரில் தன் பழைய பிக்கப் வண்டியின் பின்பக்கத்தில் மெத்தை போட்டு, கேஸ் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் ஏற்றி, வெந்நீர் ஊற்றுப் பக்கம் வந்து நின்றாள். ஒரு வாரம் இருப்பாள் என்று நினைத்தேன். மார்ச் வரை இருந்தாள். அடுத்த டிசம்பரிலும் வந்தாள். இப்படிப் பதினொரு குளிர்காலம்.

முதல் வருடம் ஆடுகளை அந்தப் பக்கம் ஓட்டிப் போனபோது, ஒற்றைப் பெண் ஆயிற்றே என்று பார்க்கப் போனேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் வேணாம் சென்யோரா. தனியா இருக்கீங்களே, ஏதாவது உதவி..." சென்யோரா என்றால் எங்கள் பாஷையில் அம்மா.

"முப்பத்தோரு வருஷம் அறுபது பிள்ளைங்க என் முதுகுக்குப் பின்னாடி கத்திக்கிட்டே வந்துச்சுங்க. இப்பத்தான் தனியா இருக்கேன். அதைக் கெடுக்காம இருந்தா அதுவே உதவி." பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கம் வந்திருக்க வேண்டும். "பேரு என்ன?"

"தியோபிலோ."

"நீயும் தனியாத்தானே இருக்க, தியோ?"

"ஆயிரத்து இருநூறு ஆடு இருக்கு சென்யோரா."

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு வார்த்தை பேசிக்கொள்கிற அளவுக்குச் சிநேகம் ஆனோம். இங்கே தனியாக வந்து தங்குகிறவர்களிடையே அது பெரிய சிநேகம்.

ஊற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரையிலிருந்து வருகிற தண்ணீர் முட்டை வேகும் சூடு. யாரோ எப்போதோ மாடு தண்ணீர் குடிக்கும் இரும்புத் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்து பள்ளத்தில் வைத்து, ஊற்றிலிருந்து ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள். குழாயைத் தாங்க இரண்டு கவட்டைக் கம்புகள் உண்டு. முதல் கவட்டையில் வைத்தால் முழுத் தண்ணீரும் தொட்டிக்குள் விழும். இரண்டாவதில் வைத்தால் பெரும்பகுதி ஓடைக்குப் போய்விடும். நூல் அளவுத் தண்ணீர் மட்டும் தொட்டிக்குள் இறங்கி, பனியிலும் ஆறவிடாமல் காக்கும்.

குளித்து முடித்தவர் தொட்டியைத் திறந்துவிட்டு, துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, மறுபடி நிரப்பி, குழாயை இரண்டாவது கவட்டைக்கு மாற்றி, பனியை அள்ளிப் போட்டுச் சூட்டைப் பதமாக்கி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்து வருகிறவர் யார் என்று தெரியாது. அவருக்காக வைக்கிறோம். நாம் குளிக்கிற தண்ணீர் நமக்கு முன்னால் வந்தவர் வைத்தது. ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமலே இப்படி நடக்கும். எனக்கு இது ஜெபம் மாதிரி என்று வெர்லீனிடம் ஒரு தடவை சொன்னேன். "எனக்கு இது பாத்திரம் கழுவுற மாதிரி" என்றாள்.

இன்னும் இரண்டு வழக்கம் உண்டு. மேட்டில் ஒரு வேலிக் கம்பம் நிற்கிறது. குளிக்க இறங்குகிறவர் தொப்பியை அதில் மாட்டிவிட்டு இறங்குவார். தொப்பி இருந்தால் மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்கள். இங்கே வருகிறவர்கள் துணியில்லாமல் குளிக்கிறவர்கள். நான் மட்டும் அரைக்கால்சட்டையோடு இறங்குவேன் என்பதில் மெர்ரிலுக்குத் தீராத வேடிக்கை. மெர்ரில் என்பவர் கரண்டுக் கம்பங்களில் ஏறி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரை மைல் தள்ளி ஒரு சின்ன டிரெய்லரில் இருப்பார். "பாதிரியாரே, உங்க சாமி அந்தக் கால்சட்டைக்குள்ள பாக்க மாட்டாரா?" என்று கேட்பார். நான் ஓயாமல் ஜெபிப்பதால் அவர் எனக்கு வைத்த பேர் பாதிரியார்.

மற்றொரு வழக்கம், தொட்டியில் கை விட்டுச் சூடு பார்ப்பதில்லை. நேராகக் கால் வைப்போம். கை வைத்துப் பார்த்தால், தண்ணீர் வைத்தவரை நம்பவில்லை என்று ஆகும். அப்போது பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் யாரும் அதைச் செய்ததில்லை.

போன டிசம்பரில் வெர்லீனின் வண்டிக்குப் பின்னால் இன்னொரு கார் வந்தது. அவள் மகள் டானெட். இலையுதிர் காலத்தில் வெர்லீன் வீட்டில் அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விட்டாளாம். இன்னொரு நாள், முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டின தெருவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றாளாம். டானெட் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா இந்த வருஷம் போகக்கூடாதுன்னு சொன்னேன். கேக்கல. கடைசியில ஒரு உடன்பாடு பண்ணிக்கிட்டோம். மறதினால ஏதாவது ஒண்ணு நடந்தா, ஒரே ஒண்ணு, நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். அப்புறம் வர்றதே இல்ல. நீங்கதான் எனக்குச் சொல்லணும்."

நான் வெர்லீனைப் பார்த்தேன். அவள் டிரம்மை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "நான்தான் உன் பேரச் சொன்னேன், தியோ. மெர்ரில் எனக்காகப் பொய் சொல்லுவான். உனக்கு அது வராது. உன் சங்கடமே அதுதான்."

சரி என்று தலையசைத்தேன். அன்றைக்கு அது சுலபமான காரியமாகத் தெரிந்தது.

ஜனவரி நடுவில், ஒரு வியாழக்கிழமை, நான் குளிக்கிற நாள். மூன்று மணிக்கு ஆடுகளை மேட்டுச் சரிவில் விட்டு நாய்களைக் காவல் வைத்துவிட்டு இறங்கினேன். கம்பத்தில் தொப்பி இல்லை. என்னுடையதை மாட்டினேன். குளிர் அதிகம். பள்ளம் முழுக்க ஆவி. கையை நீட்டினால் விரல் தெரியாது. சட்டையைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, வழக்கம்போல வலது காலை வைத்தேன்.

அடுத்த கணம் நான் பனியில் உட்கார்ந்திருந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. கணுக்கால் வரை சிவந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல் வெள்ளையாகப் பொங்கியது. காலைப் பனிக்குள் புதைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். குழாய் முதல் கவட்டையில் இருந்தது. முழுத் தண்ணீரும் தொட்டிக்குள் விழுந்து, விளிம்பு தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

பதினொரு வருடத்தில் இப்படி நடந்ததே இல்லை.

நொண்டிக்கொண்டு மெர்ரிலின் டிரெய்லருக்குப் போனேன். அவர் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தார். காலைப் பார்த்துவிட்டுக் களிம்பு எடுத்து வந்தார்.

"நீங்க எப்ப கடைசியாக் குளிச்சீங்க, மெர்ரில்?"

"திங்கக்கிழமை. செவ்வாக்கிழமை காலையில ஊருக்குப் போனேன், பல்லு புடுங்க. இதோ பாருங்க ஓட்டைய." வாயைத் திறந்து காட்டினார். பிறகு நான் ஏன் கேட்கிறேன் என்பது அவருக்கு உறைத்தது. களிம்பின் மூடியைத் திருகி மூடினார். மறுபடி திறந்தார். "பாதிரியாரே, கால் தானா வழுக்கி அடுப்புல பட்டுச்சுன்னு சொல்லிருங்க."

"எந்த அடுப்புல?"

"ஏதோ ஒரு அடுப்புல. உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கு பாருங்க."

அங்கிருந்து வெர்லீனிடம் போனேன். அவள் வண்டிக்குள் கம்பளி சுற்றிக்கொண்டு சளியோடு படுத்திருந்தாள். காலைக் காட்டினேன்.

"புதன்கிழமை காலையில குளிச்சேன். இன்னைக்கு சளி, எறங்கல," என்றாள். "குழாய மாத்தி வெச்சேன், தியோ. மாத்தினது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இரும்பு கையில ஒட்டுச்சு, கையுறை போட்டுக்கிட்டு மாத்தினேன்."

"சரி சென்யோரா."

"சரின்னு சொல்லாத. இரு." கண்ணை மூடிக்கொண்டாள். "நான் பதினோரு வருஷமா தெனமும் அதை மாத்துறேன். இப்ப எனக்கு ஞாபகம் இருக்கிறது எந்த நாளு மாத்தினது? அது புதன்கிழமைதானா?"

யாராவது பார்த்திருந்தால் சொல்லலாம். பார்க்கக்கூடாது என்பதற்காகத்தானே நாங்கள் தொப்பியை மாட்டுகிறோம். இவ்வளவு பெரிய வெளியில், எட்டு மைல் தூரத்தில் வரும் வண்டியின் புழுதி தெரிகிற இடத்தில், அந்தக் குழாயை யார் தொட்டார்கள் என்பதற்கு ஒரு சாட்சி கிடையாது.

"கார்மெலோ நாளைக்கு வருவான்ல?" என்று கேட்டாள். கார்மெலோ வெள்ளிக்கிழமைகளில் எனக்கு ரொட்டியும் நாய்த்தீனியும் கொண்டுவருகிறவன். அவன் பெருஞ்சாலைக்குப் போய் போன் செய்தால்தான் டானெட்டுக்குச் செய்தி போகும்.

"வருவான்."

"சொல்லிடு. எனக்காக உன் சாமிகிட்ட நீ கெட்ட பேரு வாங்க வேணாம்."

அன்றைக்குச் செபமாலை உருட்டினேன், மனம் நிற்கவில்லை. நான் தங்குகிற கூண்டு வண்டிக்குள் முருவாய் ஆண்டவர் படம் ஒன்று மாட்டியிருக்கிறேன். என் ஊர்ப் பக்கத்து ஆண்டவர். பாறையில் தெரியும் சிலுவை உருவம். அவரிடம் கேட்டேன்: நடந்ததைச் சொன்னால் ஒரு பெண்ணின் குளிர்காலங்கள் எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால், ஒரு நாள் அவளே அந்தத் தண்ணீரில் இறங்கி வெந்துபோகலாம். எது அன்பு? அவர் எப்போதும்போலப் பாறையாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை கார்மெலோவிடம் சொன்னேன். யார் என்று எனக்குத் தெரியாது, கடைசியாகக் குளித்தது சென்யோரா, இவ்வளவுதான் தெரியும் என்று சொல்லி அனுப்பினேன். அவன் போன பிறகு, நான் சொன்னது முழு உண்மை என்று நினைத்தேன். ஆனாலும் அவன் கொண்டுவந்த ரொட்டியை நாய்களுக்குப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டானெட் வருவதாகச் சனிக்கிழமை கார்மெலோ திரும்பி வந்து சொன்னான். ஞாயிறு காலையில் ஜெபத்துக்காக நல்ல சட்டையை எடுத்தேன். கூண்டு வண்டிக்குப் பின்னால் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பலகை மாதிரி விறைத்திருந்தது. அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி வைத்தேன், சட்டை தானாகவே நின்றது. அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. இதை எப்போது துவைத்தேன் என்று ஒரு யோசனை வந்தது.

புதன்கிழமை. மத்தியானம். ஊற்றில்.

நான் ஆறு மாதக் குழந்தை மாதிரித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துணி துவைக்க நான் குழாயைக் கவட்டையிலிருந்து தூக்கி வாளிக்குள் விடுவேன். இரண்டு வாளி. பிறகு குழாயைத் திரும்ப வைப்பேன். எந்தக் கவட்டையில் வைத்தேன்? நொண்டும் ஒரு ஆட்டைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. கை தன்பாட்டில் வேலை செய்தது. நான் தூக்கும்போது குழாய் எந்தக் கவட்டையில் இருந்தது? அதுவும் தெரியவில்லை. எவ்வளவு தேடியும் அந்த இடத்தில் எனக்குள் ஒன்றுமே இல்லை.

யார் கடைசியாகக் குளித்தது என்றுதான் மூன்று பேரும் கேட்டோம். துவைப்பது குளிப்பதில் சேராது. அதற்குத் தொப்பி மாட்டுவதில்லை.

பூட்ஸின் கயிற்றைத் தளர்த்தி, துணி சுற்றின காலை அதற்குள் விட்டு, மூன்று மைல் நடந்தேன். போய்ச் சேர்ந்தபோது டானெட்டின் கார் நின்றுகொண்டிருந்தது. வெர்லீனின் நாற்காலியும் அடுப்பும் மடக்கி வைக்கப்பட்டிருந்தன. வெர்லீன் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். மெர்ரில் தூரத்தில், டிரெய்லர் வாசலில், எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றார்.

"இந்தக் காலோட ஏன் நடந்து வந்தீங்க?" என்றாள் டானெட். "நீங்க சொன்னதுக்கு ரொம்ப நன்றி. கஷ்டமா இருந்திருக்கும்."

"நான் சொன்னது பாதிதான் அம்மா. புதன்கிழமை மத்தியானம் நான் அங்க துணி தொவச்சேன். சென்யோரா குளிச்சதுக்கு அப்புறம். குழாய நானும் தொட்டேன்."

டானெட் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தாள். "அப்ப, நீங்கதான் மாத்தாம விட்டீங்களா?"

"தெரியல."

"மாத்தி வெச்சீங்களா?"

"தெரியல."

"நீங்க போறப்போ குழாய் எந்தப் பக்கம் இருந்துச்சு? அதாவது தெரியுமா?"

"அதுவும் தெரியல அம்மா."

"பின்ன எதைச் சொல்றதுக்காக மூணு மைல் நடந்து வந்தீங்க?"

நல்ல கேள்வி. "தெரியலங்கிறதச் சொல்ல வந்தேன். அன்னைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா தெரிஞ்ச மாதிரிச் சொல்லி அனுப்பிட்டேன்."

வெர்லீன் கவிழ்த்துக்கொண்டிருந்த டிரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து நான் தொப்பியைக் கழற்றினேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மெர்ரில்," என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். "இங்க வா. நம்ம ஆட்டுக்காரர் தன் காலைத் தானே அவிச்சுக்கிட்டு, மோப்பம் புடிச்சு என்னைக் காட்டிக் கொடுத்திருக்காரு."

"இருக்கலாம்," என்றேன். "இல்லாமலும் இருக்கலாம்."

மெர்ரில் வந்து கேட்டுவிட்டு, "ரெண்டு பேரையும் சேத்து டானெட் கார்ல ஏத்திவிடணும்," என்றார். "ஆடுகள நான் பாத்துக்கறேன். எத்தனைன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க, பாதிரியாரே, ஞாபகம் இருந்தா."

டானெட் சிரிக்கவில்லை. தாயின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "அம்மா. நீ மாத்தினியா இல்லையா?"

"வீட்டுல அடுப்ப அணைக்காம விட்டது நான்தான். அது எனக்குத் தெரியும். தெருவுல நின்னது நான்தான். அதுவும் தெரியும். இது தெரியல, டானெட். நானா இருந்தாலும் இருக்கும். நீ எத்தன தடவ கேட்டாலும் இதுக்கு மேல ஒண்ணும் வராது."

"மறதினால ஒண்ணு நடந்தா கூட்டிட்டுப் போறேன்னுதானே பேச்சு."

"ஆமா. யாரு மறதின்னு பேசல."

டானெட் என் பக்கம் திரும்பினாள். எவ்வளவு வயது உங்களுக்கு என்று கேட்டாள். ஐம்பத்திரண்டு என்றேன். "உங்கள யாரு பாத்துக்கறாங்க?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யவில்லை. யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஆண்டவர் என்று சொல்ல வாய் எடுத்தேன், அவர் அந்தக் குழாயைப் பார்த்துக்கொள்ளவில்லையே என்று நினைப்பு வந்து பேசாமல் இருந்தேன். பிறகு அந்த நினைப்புக்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

டானெட் எழுந்து தனியாக நடந்தாள். சாம்பல் நிறப் புதர்களுக்கு நடுவில் போய், கொஞ்ச நேரம் மலையைப் பார்த்து நின்றாள். நாங்கள் மூன்று பேரும் வழக்கப்படி வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். மெர்ரில் தன் பல் ஓட்டையை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார்.

அவள் திரும்பி வந்து, மடக்கி வைத்த நாற்காலியை எடுத்து விரித்தாள். "மார்ச் வரைக்கும்," என்றாள். "அடுத்த வருஷத்தப் பத்தி அடுத்த வருஷம். இது சரியா தப்பான்னு எனக்குத் தெரியல. இங்க யாருக்கும் எதுவும் தெரியல போலிருக்கு."

"உக்காரு," என்றாள் வெர்லீன். "பீன்ஸ் சூடு பண்றேன்."

"அடுப்ப நான் பத்த வைக்கிறேன்."

"நீ பத்த வை. அணைக்கிறது நான். நீ பாத்துக்கிட்டே இரு."

நான் சாப்பிடாமல் கிளம்பினேன். ஆடுகள் காத்திருந்தன. மெர்ரில் தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "அடுப்புன்னே சொல்லியிருக்கலாம்," என்றார்.

அடுத்த வியாழக்கிழமை மூன்று மணிக்கு இறங்கினேன். மேட்டில் வெர்லீன் எனக்கு எதிரே ஏறி வந்தாள். தலைமுடி ஈரம், முகம் சிவந்திருந்தது. கம்பத்திலிருந்து தன் தொப்பியை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக அந்த நேரத்தில் நாங்கள் தலையை மட்டும் அசைத்துக்கொள்வோம். அன்றைக்கு அவள் நின்றாள்.

"வெச்சிருக்கேன், தியோ," என்றாள்.

பிறகு போய்விட்டாள். நான் என் தொப்பியை மாட்டிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினேன். அன்றும் ஆவி நிறைந்திருந்தது. எட்டிப் போய்க் குழாயைத் தடவிப் பார்க்கலாம். குனிந்து ஒரு விரலை வைத்துப் பார்க்கலாம். யாரும் பார்க்கப் போவதில்லை. மெர்ரில் இப்போதெல்லாம் விரல் வைத்துத்தான் இறங்குகிறார் என்று எனக்குச் சந்தேகம். அது தப்பு என்றும் சொல்ல மாட்டேன். என் வலது காலில் தோல் இன்னும் சரியாக மூடவில்லை.

சட்டையைக் கழற்றினேன். சிலுவை போட்டுக்கொண்டேன். வெகுநேரம் நின்றேன், முதுகில் பனி விழத் தொடங்கிவிட்டது. புண் காலைப் பின்னால் வைத்துக்கொண்டு இடது காலைத் தூக்கினேன். அது பயத்தினாலா நம்பிக்கையினாலா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கையை மார்பிலேயே வைத்துக்கொண்டு காலை உள்ளே விட்டேன்.

தண்ணீர் சரியாக இருந்தது.